பேத்தியோடு மல்லுக்கட்டும் பாட்டி

கதை சொல்கிறவளைக் கதைக்குள் இருப்பவளே மறித்துச் சண்டை பிடித்தால் எப்படி இருக்கும்? சாண்ட்ரா சிஸ்னேரோஸின் 'காரமேலோ'வைப் படித்துப் பாருங்கள்! 2002-இல் வந்த நாவல். 400 பக்கங்களுக்கு மேல். கனத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது தெரியாமல் படித்தேன். அதோடு நிற்காமல் வீட்டிலிருப்பவர்களை உட்காரவைத்து வாசித்தும் காட்டினேன்.

தொடக்கமே அமர்க்களம். சிகாகோவில் குடியேறிய மூன்று மெக்சிகோ சகோதரர்கள், ஆளுக்கொரு காரில் பெண்டாட்டி பிள்ளைகளை அடைத்துக்கொண்டு, கோடை விடுமுறைக்கு மெக்சிகோ நகரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். வெள்ளை காடிலாக், பச்சை இம்பாலா, சிவப்பு ஷெவர்லே. யார் முந்துவது என்று நெடுஞ்சாலையில் போட்டி வேறு! சிவப்பு வண்டிக்குள் ஆறு அண்ணன்மாருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு வரும் கடைக்குட்டி செலாயாதான் நமக்குக் கதை சொல்கிறாள். வீட்டில் அவள் லாலா. சிஸ்னேரோஸும் சிகாகோவில் பிறந்து, ஆறு சகோதரர்களோடு இரண்டு நாடுகளுக்கும் அலைந்து வளர்ந்த ஒரே பெண். லாலாவின் அப்பாவைப் போலவே அவருடைய அப்பாவும் சோபா தைக்கும் தொழிலாளி. காருக்குள் கேட்கிற இரைச்சலில் ஒரு சத்தம்கூடப் போலியாக இல்லாததற்குக் காரணம் கேட்கவா வேண்டும்?

அங்கே பாட்டி சோலெடாட் காத்திருக்கிறாள். லாலா வைத்திருக்கும் பெயரே 'பொல்லாத பாட்டி'! மூத்த மகன் இனோசென்சியோ, அதாவது லாலாவின் அப்பா மேல் உயிர். அவன் மனைவியைக் கண்டால் ஆகாது. அகபுல்கோ கடற்கரைக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த மருமகள் காதில் ஒரு ரகசியத்தைப் போடுகிறாள் பாருங்கள், நடுரோட்டில் குடும்பமே இரண்டுபடுகிறது. என்ன ரகசியம்? மாட்டேன், சொல்லவே மாட்டேன்.

இரண்டாம் பகுதிக்கு வந்ததும் நான் கிறங்கிப்போனேன். பாட்டியின் இளமைக் காலத்தை லாலா சொல்லத் தொடங்குகிறாள். இறந்துபோன பாட்டி தடித்த எழுத்தில் குறுக்கே பாய்கிறாள்! நடந்தது அப்படியில்லை என்கிறாள், தன்னை ஏன் இப்படிக் காட்டுகிறாய் என்று முறைக்கிறாள். பேத்தியும் சளைத்தவளில்லை, பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள். இருவரும் அடித்துக்கொள்ளும்போதுதான் பொல்லாத பாட்டி யாரென்றே நமக்குத் தெரியவருகிறது.

பாட்டியின் சொந்த ஊரான சான்டா மரியா டெல் ரியோ, ரெபோசோ என்னும் மெக்சிகோ சால்வைக்குப் பேர்போன ஊர். நூலில் கட்டுப்போட்டுச் சாயம் தோய்த்து நெய்வார்கள். பிறகு ஓரக் குஞ்சத்தைக் கையால் முடிச்சு முடிச்சாகக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதில் கைதேர்ந்தவள் சோலெடாடின் அம்மா. காரமேல் நிறக் கோடு ஓடும் ஒரு சால்வையை, குஞ்சம் முடிக்காமலே விட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அப்பா மறுமணம் செய்துகொண்டு மகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தாயில்லாப் பிள்ளைக்கு அந்த அரைகுறைக் குஞ்சத்தைப் பின்னுவதும் பிரிப்பதுமே ஆறுதல். பிறகு ரேயெஸ் குடும்பத்தில் வேலைக்காரி. அந்த வீட்டு மகன் நார்சிஸோவுக்கே மனைவி. பட்ட அவமானத்தையெல்லாம் பின்னாளில் வட்டியும் முதலுமாக மருமகள் தலையில் இறக்குகிறாள்! அதுவரை அவளை வாய்நிறையத் திட்டிக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இனோசென்சியோவை மறக்கவே முடியாது. அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அப்படியும் குடியேற்ற அதிகாரிகள் வந்து காகிதத்தைக் காட்டு என்கிறார்கள். மானஸ்தர், அந்தக் காகிதத்தை வீட்டில் தேடித் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே! அமெரிக்காவில் லத்தீனோவாக வாழ்வதன் வலி முழுவதும் அந்தத் தேடலில் இருக்கிறது.

அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மெக்சிகோ வரலாறு, சினிமா நட்சத்திரங்கள், ஊர்வம்பு எல்லாம் அங்கேதான் கொட்டிக்கிடக்கிறது. 1984-இல் வந்த சிஸ்னேரோஸின் 'மாங்கோ தெரு வீடு' அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக ஓடிக்கொண்டிருக்கும் புத்தகம். தனக்கென்று ஒரு வீடு வேண்டி, தெருவைவிட்டுப் போக ஏங்கும் சிறுமியின் கதை அது. அதுவும் எனக்குப் பிரியமானதுதான். ஆனால் 'காரமேலோ' மூன்று தலைமுறைகளையும் அவர்களுடைய புளுகு, வீம்பு, சாப்பாடு, பாட்டு எல்லாவற்றோடும் வாரிச் சுருட்டிக்கொண்டு வருகிறது!

எல்லாம் கட்டுக்கதை என்று எழுத்தாளரே முன்னால் சொல்லிவிடுகிறார். வீட்டார் மறைத்த இடங்களையெல்லாம் லாலா தன் கற்பனையால் நிரப்புகிறாள். பாட்டிக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. தன் கதையைப் பேத்தி சொன்னால்தான் தனக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்று விடாமல் பின்னாலேயே அலைகிறாள். பரம்பரை என்பதை இத்தனை கலகலப்பாக, இத்தனை ஈரத்தோடு சொன்ன நாவலை நான் வேறு படித்ததில்லை.

உடனே வாங்கிப் படியுங்கள். முதல் பகுதியிலேயே பாட்டியைத் திட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்களுக்கு மனசு வராது!