கிங் ஆலிவரின் கார்னெட்டைக் கேட்கும் முறை

நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஜாஸ் இசையின் முன்னோடிகளுள் ஒருவரும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஆசானுமான ஜோ 'கிங்' ஆலிவர், சுரங்களைக் குவிக்காமல், ஒவ்வொரு சுரத்தின் தொனியையும் செதுக்கியே கேட்பவரைக் கவர்ந்தவர். அவர் வாசித்த கார்னெட், டிரம்பெட்டை ஒத்ததும் அதைவிடச் சற்றே குழைவான ஒலி உடையதுமான பித்தளை ஊதுகருவி. அவரது கலையை அறிய விரும்புவோர், சிகாகோவில் புகழ்பெற்ற தம் கிரியோல் ஜாஸ் பேண்ட் குழுவுடன் 1923 ஏப்ரலில் ஜெனட் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த 'டிப்பர்மவுத் புளூஸ்' இசைத்தட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

மைக் பயன்பாட்டுக்கு வருமுன், பெரிய கூம்புக்குழாய் ஒன்றின் வழியாக ஒலியைத் திரட்டி மெழுகுத் தட்டில் பொறித்த காலத்துப் பதிவு அது. ஆகவே இரைச்சல் மிகுந்தும் தாளக் கருவிகள் மங்கியும் கேட்பது இயல்பே. முதன்முறை கேட்கும்போது காது அந்த ஒலிக்குப் பழகினால் போதும்.

இரண்டாம் முறை, கையால் தாளமிட்டு எண்ணிக்கொண்டே கேட்க வேண்டும். புளூஸ் வடிவத்தின் ஒரு சுற்று, நான்கு தட்டுகள் கொண்ட 12 பகுதிகளால் ஆனது. இந்த 48 தட்டுகள் பிடிபட்டுவிட்டால், கார்னெட்டுகள் மெட்டை நடத்திச் செல்ல, ஜானி டாட்ஸின் கிளாரினெட் மேலே கொடியாகப் படர்வதும், டிராம்போன் கீழிருந்து தாங்குவதும் தனித்தனியே புலப்படும்.

அதன்பின் ஆலிவரின் தனி வாசிப்புக்குக் காது கொடுக்கலாம். கிளாரினெட் தனி வாசிப்பு முடிந்து, குழு ஒரு சுற்று கூடி வாசித்த பிறகு, அவர் தொடர்ந்து மூன்று சுற்றுகள் வாசிக்கிறார். ஒலியை அடக்கும் மியூட் என்னும் மூடியைக் கருவியின் வாயில் வைத்துத் திறந்தும் மூடியும் அவர் ஊதும்போது, சுரம் மனிதக் குரலைப் போல 'வா... வா...' என்று குழைகிறது. ஸ்தாயியின் மூன்றாம் சுரத்தைச் சற்றே தாழ்த்தி வளைக்கும் 'புளூ நோட்' அந்தக் குழைவுக்குச் சோகத்தை ஏற்றுகிறது. சில சுரங்களையே சுற்றிச்சுற்றி வந்தாலும், எங்கே அழுத்துகிறார், எங்கே மூச்சுவிட இடம் தருகிறார் என்பதைக் கவனிப்பவருக்கு ஒவ்வொரு சுற்றும் புதிதாகவே ஒலிக்கும்.

1925இல் பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் இதே இசை 'சுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற பெயரில் பதிவானபோது, ஆம்ஸ்ட்ராங் தம் ஆசானின் தனி வாசிப்பையே பின்பற்றினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள், அந்த மூன்று சுற்றுகள் ஜாஸ் கலைஞர்களுக்குப் பாடமாக விளங்கிய காரணத்தைத் தாமே உணர்வார்கள்.