கடைமடைக்காரரும் நான்கு காற்றாலைகளும்

டுலிப் பருவம் முடிந்த பிறகுதான் அம்மாவும் அப்பாவும் லைடனுக்கு வந்தார்கள். சம்பாவுக்கு நேரடி விதைப்பு ஆவணியில்தானே, அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று அப்பா ஜூன் மாதத்தைக் குறித்திருந்தார். பூந்தோட்டம் மூடிவிட்டதே என்று உடன் வேலை செய்பவர்கள் எனக்காக வருந்தினார்கள். எனக்கு அந்தக் குறையே இல்லை. நெதர்லாந்தின் நயமெல்லாம் அதன் நீர்மட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைக் காட்டுவதற்கு, நாகப்பட்டினம் கடைமடையில் ஆயுசு முழுக்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய ஒருவரைவிடத் தகுந்த விருந்தாளி யார் கிடைப்பார்?

ஸ்கிப்போல் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். அந்த நிலையம் இருக்கும் இடம் ஓர் ஏரியின் அடிமண். ஹார்லெமர்மேர் என்ற பெரிய ஏரியை மூன்று நீராவிப் பம்புகளைக் கொண்டு இறைத்து, 1852-இல் வற்றவைத்து முடித்தார்கள். ஓடுபாதை கடல்மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே கிடக்கிறது. அப்பா ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: “வத்தடிச்சா மட்டும் போதுமா? ஊத்து எடுக்குமே?”

“எடுக்கும்ப்பா. அதனால இன்னிக்கும் எறைச்சுக்கிட்டேதான் இருக்காங்க.”

“அதானே” என்றார். அதன் பிறகு ரயிலுக்குள் அவர் திரும்பவே இல்லை.

வெளியே புல்வெளி. நூல் பிடித்தாற்போல் நேரான வாய்க்கால்கள், விளிம்பு வரை நிறைந்து, பச்சைப் பாசி படர்ந்து, அசையாமல் நிற்கும். மாடுகள் மேயும். வயலின் ஓரத்தில் வெள்ளைச் சாயம் அடித்த மரக்கதவு ஒன்று தனியாக நிற்கும். அதன் இருபுறமும் வேலி கிடையாது. எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. அம்மாவுக்கு அந்தக் கதவு விளங்கவில்லை. “வேலி இல்லாம படல் எதுக்கு?” என்றாள். அப்பா இரண்டாவது கதவிலேயே பிடித்துவிட்டார்: வாய்க்கால்தான் வேலி. மாடு அதைத் தாண்டாது. வயலுக்குள் ஆளும் வண்டியும் போக ஒரே இடத்தில் மண்ணைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பின் மேல் மட்டும் கதவு இருந்தால் போதும். வடிகால், எல்லை, வேலி, மாட்டுக்குக் குடிதண்ணீர் என்று ஒரே வெட்டில் நான்கு காரியம். அம்மாவுக்கு விளக்கியபோது அப்பா குரலில் தானே வெட்டிய வாய்க்காலைப் பற்றிச் சொல்லும் தெம்பு இருந்தது.

என் வீடு இரண்டாம் மாடியில், ஏணி அளவுக்குச் செங்குத்தான படிகளின் மேல் இருந்தது. கைப்பிடிக்குப் பதில் தடித்த கயிறு. கட்டில் எப்படி மேலே வந்தது என்று அம்மா கேட்டாள். தெருவுக்கு இறங்கி அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். கூரை முகட்டில் ஒரு உத்திரம் நீட்டிக்கொண்டிருக்க, அதில் ஒரு கொக்கி. சாமான்களைக் கயிற்றில் கட்டி இழுத்து ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு தெருவிலும் கொக்கி பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சனிக்கிழமை நியூவ ரைன் கால்வாய்க் கரையில் சந்தை. அங்கே அம்மாவுக்காக நான் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தேன்: லைடன் பாலாடைக்கட்டி. சுற்றுப்புறப் பண்ணைகளில் செய்வது. வெண்ணெய்க்காக ஆடையை எடுத்துவிட்ட பாலில் செய்வதால் கொழுப்பு குறைவு, கெட்டியாக இருக்கும். சிவந்த தோலின்மேல் இந்த நகரத்தின் சின்னமான இரண்டு சாவிகள் குறுக்காகப் பதிந்திருக்கும். கடைக்காரர் சீவிக் கொடுத்த துண்டை அம்மா வாயில் போடவில்லை, முதலில் மூக்கருகே கொண்டுபோனாள். “சீரகம்!” என்றாள். அந்தச் சந்தையில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அப்போதுதான். சீரகம்தான். பல நூற்றாண்டுகளாக இந்த ஊர்ப் பாலாடைக்கட்டியில் சீரகம் போடுகிறார்கள். ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. வெட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலும் கீழும் தோலை ஒட்டிய பகுதியில் சீரகமே இல்லை, நடுவில்தான் இருக்கிறது என்றாள். நான் மொழிபெயர்த்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. திரித்த பாலை மூன்று அடுக்காக அச்சில் நிரப்புவார்களாம். நடு அடுக்கில் மட்டும்தான் சீரகம். மேலடுக்கும் கீழடுக்கும் வெறுமனே இருந்தால்தான் தோல் வெடிப்பில்லாமல் வழவழவென்று அமையும். அரைக் கிலோ வாங்கினோம்.

பல்கலைக்கழக நூலகத்தைக் கடக்கும்போது ஆனைமங்கலம் செப்பேடுகளைப் பற்றிச் சொல்லாமல் எப்படிப் போவது? நாகையில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். ராஜேந்திரன் காலத்தில் அதைச் செப்பேட்டில் பொறித்தார்கள். சோழ முத்திரை வளையத்தில் கோத்த 21 ஏடுகள். நான் அங்கே இருந்த நாட்களில் அவை அந்த நூலகத்தின் சேகரிப்பில் இருந்தன. ஆனைமங்கலம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். அப்பா அந்தக் கட்டடத்தை வெகுநேரம் பார்த்தார். அரசர்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “அதுல எல்லை சொல்லிருப்பாங்களே, எந்தெந்த வாய்க்கா பேரு வருது?” என்றார். தமிழ்ப் பகுதியில் அந்த எல்லை விவரம் நீளமாகவே வருகிறது என்றேன். ஊருக்குப் போனதும் அச்சுப் பிரதி வாங்கி, இப்போது எந்த வாய்க்கால் மிச்சம் என்று சரிபார்க்கப் போவதாகச் சொன்னார்.

1574 முற்றுகைக் கதையையும் அன்றைக்கே சொன்னேன். ஸ்பானியப் படை ஊரைச் சூழ்ந்து பட்டினி போட்டது. கரைகளை வெட்டி நிலத்துக்குள் தண்ணீரை விட்டு, அடி தட்டையான படகுகளை வயல்களின் மேலேயே ஓட்டி வந்து ஊரை மீட்டார்கள். இன்றும் அக்டோபர் 3-ஆம் தேதி ஊருக்கெல்லாம் ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொடுக்கிறார்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “யாரு வயல்ல விட்டாங்க?”

நான் ஆவலாகக் காத்திருந்த நாள் அடுத்த வாரம் வந்தது. லைடனுக்குக் கிழக்கே ஆர்லாண்டர்ஃபேன் என்ற ஊர். நான்கு காற்றாலைகள் ஒரே வாய்க்கால் தொடரில் நிற்கின்றன. பள்ளமான நிலத்தின் தண்ணீரைக் கீழாலை ஒரு படி ஏற்றி அடுத்ததற்கு விடும். அது அதற்கு மேலே உள்ளதற்கு விடும். நான்காவது படியில் தண்ணீர் வெளியேறும். பழைய காலத்தில் எழுப்பியவை. கண்காட்சிக்காகச் சுற்றுகிறவை அல்ல, இன்றும் அந்த நிலத்தைக் காற்றாலேயே வடிக்கின்றன.

வழியில் ஒவ்வொரு வாய்க்காலிலும் எண் எழுதிய அளவுப் பலகை ஒன்று தண்ணீருக்குள் நிற்பதைக் காட்டினேன். ரைன்லாந்து நீர்வாரியம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனி மட்டம் குறித்திருக்கிறது. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, சென்டிமீட்டர் கணக்கில். 1255-லேயே ஆவணங்களில் பேர் வரும் வாரியம் அது. அதன் உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அப்பா பலகையின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் மேட்டூர் திறந்து, கல்லணை கடந்து, தலைப்பில் இருப்பவன் எடுத்தது போக மீதி வந்து சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையிலோ அத்தனை தண்ணீரும் எங்கள் தலையில் வந்து விடியும். வடிகால் தூர்ந்திருந்தால் பயிர் அழுகும். சென்டிமீட்டர் கணக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“லஸ்கர் யாரும் காணோமே?” என்றார், மதகைத் திறந்து மூடும் ஆளைத் தேடியபடி. ஷட்டரும் பம்பும் இப்போது பெரும்பாலும் தானாகவே இயங்குகின்றன என்றேன்.

ஆலைகள் நாணல் வேய்ந்தவை. கூரை மட்டுமல்ல, உடம்பு முழுக்க நாணல்தான். எங்கள் ஊர்க் கூரை வேய்கிறவர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். விளிம்பை அவ்வளவு சீராகக் கத்தரித்திருந்தார்கள். இறக்கைகள் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் பாய்த்துணி. காற்று குறைந்தால் துணியை முழுக்க விரிப்பார்கள். கூடினால் பாதியைச் சுருட்டுவார்கள். மிஞ்சினால் வெறும் சட்டத்தோடே ஓடும். ஓடாமல் நிற்கும்போதும் இறக்கைகளுக்குப் பேச்சு உண்டு. எதிரே நின்று பார்த்தால் அவை வலமிருந்து இடமாகத் தலைக்கு மேல் கடக்கும். மேல் இறக்கை உச்சிக்குச் சற்று முன்பு நிறுத்தப்பட்டிருந்தால் அந்த வீட்டில் மகிழ்ச்சி: கல்யாணம், குழந்தை. உச்சியைச் சற்றே தாண்டி நின்றால் துக்கம். இரண்டுக்கும் நடுவே சில அடி வித்தியாசம்தான். அம்மா கையை உயர்த்தி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். “வந்துக்கிட்டு இருக்குன்னா நல்லது. கடந்துபோச்சுன்னா துக்கம். எவ்வளவு யோசிச்சுருக்காங்க!”

அன்று நல்ல காற்று. ஆலைக்காரர் கீழாலையின் வாசலில் நின்றிருந்தார். அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, “கேளு பாப்பா. மேல் ஆலை நின்னுட்டா கீழ உள்ளவன் என்ன பண்ணுவான்? எறைச்ச தண்ணி நடுவுல தளும்பிப் போவாது?” என்றார்.

கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவனும் நிறுத்திவிட வேண்டியதுதான், அதனால் எப்போதும் ஒருவர் இறக்கையை இன்னொருவர் பார்த்துக்கொண்டேயிருப்போம் என்றார். பிறகு வாய்க்காலோரமாகக் கையை நீட்டி, அடுத்த ஆலையின் இறக்கை தெரிகிற இடத்தைக் காட்டினார்.

“அப்ப மேல உள்ளவங்க கீழ உள்ளவன நெனச்சுத்தான் ஓட்டணும்” என்றார் அப்பா. உடனே வாய்க்கால் வரப்பில் மேல் ஆலையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான்கையும் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. அம்மா பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டாள்.