பணியாளா, அடிமையா? எலிசபெத் கீ வழக்காவணத்தின் சொல்லாட்சி

இரு சொற்களின் எல்லை மூலத்தில் தெளிவாக இருப்பின் மொழிபெயர்ப்பாளரின் பணி எளிது. அவ்வெல்லையே வழக்கின் பொருளாகும்போது ஒவ்வொரு சொற்றேர்வும் தீர்ப்பாகிவிடுகிறது. வர்ஜீனியக் குடியேற்றத்தில் எலிசபெத் கீ தொடுத்த விடுதலை வழக்கின் ஆவணங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்க அடிமைத் தாய்க்கும் பிறந்தவர் எலிசபெத். தந்தை தாமஸ் கீ 1636இல் அச்சிறுமியை ஒன்பதாண்டுப் பணிக்கென ஹம்ஃப்ரி ஹிக்கின்சனிடம் ஒப்படைத்தார். பின்னர் அவர் ஜான் மாட்ராமின் கைக்கு மாறினார். தவணை கடந்தும் விடப்படவில்லை. 1655இல் மாட்ராம் இறந்தபின், சொத்துப் பொறுப்பாளர்கள் அவரை அடிமை என்றனர், அவர் வழக்காடினார். நடுவர் குழு அவருக்குச் சார்பாகக் கூறியது; மேல்மன்றம் அதனை மாற்றியது. சட்டப்பேரவைக் குழுவின் கருத்து மீண்டும் அவர் பக்கம் அமைய, 1656 ஜூலையில் விடுதலை உறுதியாயிற்று.

தந்தை சுதந்திரர், மகள் ஞானஸ்நானம் பெற்றவர், பணிக்காலம் வரையறுக்கப்பட்டது என்பன குழு காட்டிய காரணங்கள். மூன்றாவதை விளக்குமிடத்தில், சாதாரணப் பணியாள் அல்லது அடிமையினும் மதிப்பாக அவரை நடத்த ஹிக்கின்சன் உடன்பட்டிருந்தார் என்னும் கருத்து வருகிறது. இங்குள்ள 'அல்லது' இரண்டையும் பிரிக்கிறதா, ஒன்றாக்குகிறதா? மூலம் ஐயத்திற்கு இடமளிக்கிறது. அவ்வையமே அக்காலச் சமூகத்தின் உண்மை நிலை. தமிழிலும் அது நிற்கவேண்டும். தந்தை மகளை ஒன்பதாண்டுக்கு 'விற்றார்' என்றே அறிக்கை கூறுகிறது. இவ்வினையை 'அமர்த்தினார்' என மென்மையாக்குவது பிழை. 'ஒன்பதாண்டுக்கு மட்டும்' என்னும் அடையை நெகிழவிடுவது அதனினும் பெரும் பிழை.

தமிழில் கிடைக்கும் சொற்களும் சுமையற்றவை அல்ல. 'ஒப்பந்தக் கூலி' பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கரும்புத் தோட்டங்களை நினைவூட்டுவது. எலிசபெத் கூலி பெற்றவரும் அல்லர். 'கொத்தடிமை' கடன் உறவைக் குறிப்பதோடு அடிமை என்னும் முடிவையும் தன்னுள் கொண்டது. பெரியபுராணத்தில் சுந்தரர்மேல் காட்டப்பெறும் 'ஆளோலை' வழிவழி அடிமையைக் குறிக்கும். இங்குள்ளதோ கால எல்லை உடைய உடன்பாடு. அவ்வெல்லையை முன்னிறுத்தும் 'தவணைப் பணியாள்' என்பதே பொருந்துவதாகும்.

முடிவிலும் கவனம் வேண்டும். குழு அவரை விடுதலைக்கு உரியவர் என்றது. தானியமும் உடையும் தரவும், மிகைக்காலப் பணிக்கு ஈடு செய்யவும் வேண்டும் என்றது. இதனை 'விடுவிக்கப்பட்டார்' என எழுதினால் உரிமை கருணையாகிவிடும்.

1662இல் வர்ஜீனியச் சட்டம் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்றது. அதனால் தந்தைவழிக் காரணம் அற்றுப்போயிற்று. அதற்கு ஆறாண்டு முந்திய ஆவணத்தில் எங்கும் 'அடிமை' எனப் பெய்யும் மொழிபெயர்ப்பு, எலிசபெத் வென்ற வழக்கை அவருக்கு எதிராக மீண்டும் தீர்ப்பதாகும்.