கடல் தூண்டிலும் கழித் தூண்டிலும்: வடசென்னையின் இரு மரபுகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளும் கரையில் தூண்டில் தொழில் இரண்டு மரபுகளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று திறந்த கடலுக்குரியது. வஞ்சிரம், சீலா, பாறை, சங்கரா, களவா ஆகியவை அதன் மீன்கள். மற்றொன்று கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிக்குரியது. கொடுவாதான் அதன் தலையாய மீன். இந்தக் கரையில் இறங்கும் மீனில் பெரும்பங்கு வலையில் பட்டது. அளவில் தூண்டில் மிகச் சிறியது. கைத்திறனில் வலைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனாலும் வடசென்னை மீன்பிடிப்பைப் பற்றிய எழுத்துகளில் விசைப்படகும் இழுவலையும் அடைத்துக்கொள்ளும் இடத்தில் தூண்டிலுக்கு ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை.

இரு மரபுகளும் பிரிவது கருவியால் அல்ல. தங்கூசி நரம்பு, முள், ஈயக்குண்டு, இரை என இரண்டிலும் இருப்பவை ஏறக்குறைய அவையே. பிரிப்பது மீனின் குணம். வஞ்சிரம் ஓடித் திரியும் மீன். கொடுவா ஒளிந்து காத்திருக்கும் மீன். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

வஞ்சிரம் கூட்டமாகவோ தனித்தோ இரைமீன்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆகவே அதைப் பிடிப்பவரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபைபர் படகை நிதான வேகத்தில் செலுத்தி, பின்னால் நீளமாக விட்ட நரம்பில் இரையையோ மினுக்கும் போலி இரையையோ இழுத்துச் செல்வது இதன் அடிப்படை முறை. வஞ்சிரத்தின் பல் கத்திபோல் வெட்டும் என்பதால் முள்ளுக்கு மேல் ஒரு சாண் எஃகுக் கம்பி சேர்க்கப்படுகிறது. வஞ்சிரம் பெரும்பாலும் இரையின் வாலைத்தான் முதலில் துண்டிக்கும். தலையில் மட்டும் முள் கோத்தவருக்கு அரை இரைதான் திரும்பும். பின்பகுதியிலும் ஒரு முள் வைத்தவருக்கே மீன். விடியற்காலையின் முதல் ஒரு மணி நேரம் இதற்கு உகந்தது. மற்ற நேரத்தில் பறவைகள் எங்கே விழுகின்றன, நெத்திலியும் கவலையும் எங்கே துள்ளுகின்றன, நீரின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்த்துப் படகைத் திருப்புவதே வேலை.

சங்கராவும் களவாவும் அடியில் பாறைத் திட்டுகளை ஒட்டி வாழ்பவை. இங்கே தேடல் மேற்பரப்பில் இல்லை. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேர் வைத்து, வேறு திசையில் இன்னும் இரண்டை அவ்வாறே நேர் வைத்து, இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் நங்கூரம் போடுவது முன்னோர் வழி. இன்று ஜி.பி.எஸ். கருவி அந்த இடத்தை எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஆனால் திட்டின் எந்தப் பக்கம் இரை இறக்க வேண்டும் என்பதைக் கருவி சொல்லாது. இந்தக் கரையில் கோடை மாதங்களில் நீரோட்டம் பொதுவாக வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். ஓட்டத்தின் மேல்பக்கம் நங்கூரமிட்டால்தான் இரை திட்டின்மேல் போய் அமரும். வாடைக்காற்றின் வலுவையும் நீரோட்டத்தின் திசையையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த அறிவே கடல் மரபின் உயர்ந்த தேர்ச்சி.

கழி மரபு இதற்கு நேர் எதிர். கொடுவா பாலத் தூணின் நிழலிலும், கருங்கல் இடுக்கிலும், அலையாத்தி வேரடியிலும் அசையாமல் நின்று, ஓட்டம் கொண்டுவரும் இறாலையும் மடவையையும் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். தேடித் திரிவது இங்கே வீண். மீன் நிற்கும் ஓர் இடத்தை அறிந்து, அதன் வாய்க்கு நேரே, இயல்பாக மிதந்து வருவதுபோல, உயிர் இறாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கலை. இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் முள் ஏற்ற வேண்டும். தொட்டால் இரை செத்துவிடும், செத்த இரைக்குக் கொடுவா அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை. கடித்ததும் அது மேலே துள்ளித் தலையை உதறும். அதன் பல் மென்மையானது. ஆனால் செவுள் மூடியின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும். அதனால் எஃகுக் கம்பிக்குப் பதில் தடித்த நரம்பு போதும். தூணைச் சுற்றவிடாமல் முதல் பாய்ச்சலிலேயே மீனைத் திருப்பும் கைதான் முக்கியம்.

கழியில் நேரத்தை நிர்ணயிப்பது ஏற்றமும் வற்றமும். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியதுதான். அந்தச் சிறு அசைவிலேயே கழியின் முழு இயக்கமும் அடங்கியிருக்கிறது. நீர் நின்றிருக்கும்போது கொடுவாவும் சும்மா இருக்கும். நீர் புரளத் தொடங்கும்போது வாய் திறக்கும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்கள் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு வழக்கத்தோடு சேர்ந்தே, எந்த மடுவில் எப்போது நீர் புரளும் என்ற அறிவும் இங்கு தலைமுறை கடந்து வந்திருக்கிறது.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியே கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல் தூண்டில் வளைவுகளில் நின்று தூண்டில் வீசுவோர் மூன்றாவது வகையினர். இவர்களில் தொழிலாளரும் உண்டு, ஓய்வுநேரப் பொழுதுபோக்காளரும் உண்டு. இன்னும் தனி மரபென்று சொல்லும் அளவுக்கு இது முதிரவில்லை.

ஓடும் மீன், ஒளியும் மீன் என்ற இதே பிரிவு உலகின் மறுபக்கத்திலும் காணப்படுகிறது. அமெரிக்காவில் தூண்டில் மீன்பிடிப்பு பரிசுப் பணத்துக்கான தொழில்முறைப் போட்டியாக வளர்ந்தபோது அது பாஸ் மீனுக்கும் வால்ஐ மீனுக்கும் தனித்தனி வட்டங்களாகப் பிரிந்தது. 1967இல் ரே ஸ்காட் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியும், 1971இல் லேக் மீட் ஏரியில் 10,000 டாலர் முதல் பரிசோடு தொடங்கிய பாஸ்மாஸ்டர் கிளாசிக்கும் பாஸ் வட்டத்தின் அடித்தளம். பாஸ் கொடுவாவைப் போலப் பதுங்கும் மீன். அங்கே உயிர் இரையும் படகில் இழுத்துச் செல்லும் முறையும் விலக்கப்பட்டு, போலி இரையை வீசும் திறன் மட்டுமே சோதிக்கப்படுகிறது. வால்ஐ ஆழத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் திரியும் மீன். எனவே அதன் போட்டிகள் புழு, அட்டை, சிறுமீன் போன்ற உயிர் இரையையும், பல தூண்டில்களை ஒருசேர இழுத்துச் செல்வதையும் அனுமதிக்கின்றன. எண்ணூர்க் கழிக்காரர் பாஸ் போட்டியையும், காசிமேட்டு வஞ்சிரக்காரர் வால்ஐ போட்டியையும் பார்த்தால், விதிகள் புதியனவாகத் தெரிந்தாலும் வேலை பழக்கமானதாகவே தெரியும்.

மதிப்பிடும் அளவுகோலில்தான் பெரிய வேற்றுமை. பாஸ் போட்டியில் பொதுவாக ஒரு நாளின் ஐந்து சிறந்த மீன்களின் மொத்த எடையே கணக்கு. 1972 முதல், பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தை ஸ்காட் புகுத்தினார். செத்த மீனுக்கு எடையில் தண்டம் உண்டு. வால்ஐ போட்டிகளால் இதை அதே கண்டிப்போடு பின்பற்ற இயலவில்லை. ஆழத்திலிருந்து சட்டென மேலே வரும் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். விட்டாலும் பிழைப்பது அரிது. நம் களவாவும் சங்கராவும் மேலே வரும்போது வயிறு ஊதி, கண் பிதுங்கி நிற்பதற்கும் இதே காரணம்தான்.

காசிமேட்டில் நடுவர் ஏலக்காரர். விடியுமுன் நடக்கும் ஏலத்தில் எடையோடு சேர்த்துச் செவுள் ரத்தச் சிவப்பாக உள்ளதா, கண் குழிவிழாமல் பளிச்சென்று இருக்கிறதா, சதையை அழுத்தினால் பள்ளம் நிற்கிறதா என்று பார்க்கப்படும். வலையில் சிக்கி மணிக்கணக்கில் கிடந்த மீனுக்கும், உயிரோடு ஏறி உடனே ஐஸில் வைத்த மீனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒளியாது. ‘தூண்டில் மீன்’ என்று கூவினாலே கேட்கும் விலை உயர்வது அதனால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களில் ஃபைபர் படகுகளின் தூண்டில் மீனுக்கு மவுசு இன்னும் கூடும். ஐந்து மீனின் எடையைக் கூட்டுவதைவிட இந்த ஏலம் கடினமான தேர்வு.

இரு மரபுகளில் இன்று ஆபத்தில் இருப்பது கழி மரபு. வஞ்சிரக்காரர் மீன் விலகினால் படகை இன்னும் ஆழத்துக்குச் செலுத்தலாம். கழிக்காரருக்குக் கழியை விட்டால் வேறு நீர் இல்லை. அனல் மின் நிலையத்தின் சாம்பலும் வெந்நீரும் கொசஸ்தலையின் ஆழத்தையும் உயிர்களையும் குறைத்தன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிக்குள்ளேயே புகுந்து, படகையும் வலையையும் அலையாத்தி வேரையும் கறுக்கச் செய்தது. கொடுவா மறைந்து நிற்கும் இடங்கள் அந்த வேர்கள்தாம்.

கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே கழியில் சிறியவை பிடிபட்டுக்கொண்டே போனால் பிற்காலத்துத் தாய்மீன்களே இல்லாமற் போகும். பெரிய மீனை விடச் சொல்வது பிழைப்பில் கை வைப்பது. அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கையளவுக் குஞ்சை விடச் சொல்லலாம். கழியின் ஆழம் குறைவு என்பதால் அதன் காற்றுப்பை உப்புவதில்லை. முள்ளைப் பதமாகக் கழற்றினால் பிழைக்கும். வலையால் எளிதில் செய்ய முடியாத இதைத் தூண்டில் செய்ய முடியும். எண்ணூர்க் குப்பங்களின் பஞ்சாயத்துகள் குறைந்தபட்ச அளவொன்றைத் தாமே வகுத்துக்கொள்வதும், அரசு கழியின் சாம்பலை அள்ளி முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். கழி தெளிந்தால் அதில் விடக் குஞ்சுகளுக்கும் பஞ்சமில்லை: கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறையைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997லேயே கண்டுவிட்டது.