மூலைக் கடை பெஞ்சு

மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூர் லஸ் பக்கம் தடுப்புகள் எழுந்ததிலிருந்து நடக்கிற வழியே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய வீடுகள் அடுக்குமாடி ஆகின்றன. ஏசி போட்ட காபிக் கடைகளும் வந்துவிட்டன. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே யாரும் பக்கத்து ஆளிடம் பேப்பரின் நடுப்பக்கம் கேட்பதில்லை.

மூலை டீக்கடையின் சுகம் வேறு. பாய்லரின் சீறல், கிளாஸுக்குள் கரண்டி சுழலும் கிணுகிணுப்பு. மாஸ்டர் டிக்காஷனைத் துணி வடிகட்டியில் இறக்கி, பால் சேர்த்து, கை நீளத்துக்குத் தூக்கி ஆற்றுவார். ஒரு சொட்டு சிந்தாது, மேலே நுரை மெத்தென்று நிற்கும். சர்க்கரை கம்மி என்று ஒருமுறை சொன்னால் போதும், மறுநாள் கேட்க மாட்டார். கால் ஆடும் பெஞ்சில் மூன்று பேருக்குத்தான் இடம். நாலாவது ஆள் வந்தால், “கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்” என்று அவரே உட்கார வைப்பார். வடைதான் சுமார்.