லூமென் சொல்வதும் சொல்லாததும்

வாட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஊகிக்கும் பழக்கத்தை ஒழித்ததற்காகவே லூமெனுக்கு நன்றி சொல்லலாம். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். லூமென் என்பது அது உமிழும் மொத்த ஒளி. எண்ணூர், திருவொற்றியூர் பட்டறைகளுக்குச் சோடியம் விளக்குக்குப் பதிலாக எல்.இ.டி. வாங்கப் போகிறவருக்கு, தரமற்ற சரக்கை முதல் சுற்றிலேயே ஒதுக்க இந்த எண் போதும்.

ஆனால் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்ததும் கோளாறு தொடங்குகிறது. 250 வாட் சோடியம் விளக்குக்குச் சுமார் 27,000 லூமென் என்பது வெறும் விளக்கை எல்லாத் திசையிலும் அளந்த கணக்கு. ஃபிட்டிங்குக்குள் போனால் அதில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். சோக் தனியாக மின்சாரம் இழுக்கும். எல்.இ.டி.க்கு ஃபிட்டிங்கோடு சேர்த்து அளந்த எண் தரப்பட்டால் ஒப்பீட்டில் அதற்கு அநியாயம். சிப்பின் லூமெனை மட்டும் அச்சிட்டால் அநியாயம் வாங்குபவருக்கு.

கண்ணின் கதை இன்னும் சுவையானது. லூமென் கணக்கின் அடிப்படை, 1924-இல் வகுக்கப்பட்ட பகல்பார்வை வளைவு. அதன் உச்சம் 555 நானோமீட்டர். சோடியத்தின் மஞ்சள் அதற்கு அருகில் இருப்பதால்தான் எண் பெரிதாக வருகிறது. முழு இருட்டுக்குப் பழகிய கண்ணின் உச்சமோ 507. எனவே மங்கலான சரக்கு முற்றத்தில், குறைந்த லூமென் வெள்ளை விளக்கு தெளிவாகக் காட்டுவதாகத் தொழிலாளி சொன்னால் அது பிரமையல்ல. நல்ல வெளிச்சமுள்ள பட்டறைக்குள் இந்த வாதத்தை நீட்டும் விற்பனையாளரை மட்டும் நம்பவேண்டாம். அங்கே வெள்ளை விளக்கின் பலம் நிறத்தைப் பிரித்துக் காட்டுவது. சோடியத்தின் கீழ் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றாகவே தெரியும்.

தூரமும் லூமெனுக்குத் தெரியாது. 30 மீட்டர் ஹைமாஸ்ட் கம்பத்தின் நேர் கீழே தரையில் ஒரு லக்ஸ் வெளிச்சம் விழ, அத்திசையில் 900 கேண்டெலா ஒளிச்செறிவு வேண்டும். ஒளி பக்கவாட்டில் சிதறினால் கிரேன் ஓட்டுநரின் கண் கூசும், தரை இருட்டாகவே கிடக்கும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு போதுமான, பொருத்தமான வெளிச்சம் கேட்டது. கூச்சத்தையும் நிழலையும் தடுக்கச் சொன்னது. லூமென் எண் இதற்கெல்லாம் சாட்சி சொல்லாது.

சோதனைக்கூடத்தில் 25 டிகிரியில் அளந்த ஒளி, வார்ப்பாலையின் சூடான கூரையடியில் அப்படியே கிடைக்காது. அழுக்கும் ஒளியைக் குறைக்கும். 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அங்குள்ள விளக்குக் கண்ணாடிகளுக்கு உப்புக்காற்றோடு கரித்தூளும் சேர்ந்தது. நாளடைவில் அழுக்காலும் தேய்மானத்தாலும் குறையும் ஒளிக்கு ஈடாக, வடிவமைப்புக் கணக்கில் பராமரிப்புக் காரணியாக 0.8 போடுவது சகஜம். நிலக்கரி முற்றத்துக்கு நானாக இருந்தால் 0.6-இல் தொடங்குவேன், துடைக்கும் கூலியையும் அதே டெண்டரில் சேர்க்கச் சொல்வேன்.