இரண்டு சோல்

ஆம்பூரில் யாரிடமாவது ‘சோல்’ என்று சொல்லிப் பாருங்கள். ஷூவின் அடியைத்தான் நினைத்துக்கொள்வார்கள். ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறவர்கள் ஒரு பக்கம், சோல் ஒட்டுகிறவர்கள் ஒரு பக்கம் என்று வேலை பிரிந்து கிடக்கிற ஊர் அது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1950களில் உருவாக்கத் தொடங்கிய பாட்டு வகைக்கும் தமிழில் எழுதினால் சோல் என்றே பெயர் வருகிறது. ஆன்மா என்று பொருள். செருப்படியையும் ஆன்மாவையும் ஒரே எழுத்தில் எழுதும் வசதி நமக்கு வாய்த்திருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையிலும் அதை ஒட்டியும் கிடக்கும் தோல் ஊர்கள் முதல் சோலை உலகத்துக்கே அனுப்பின. இரண்டாவது சோல் இந்த ஊர்களுக்குக் கிடைத்ததா? பாதி கிடைத்தது என்பது என் பதில்.

அந்தப் பாதிக்குப் பெயர் நாகூர் இ.எம். ஹனிபா, இஸ்லாமியப் பாட்டும் தி.மு.க. மேடைப்பாட்டும் பாடியவர். 2002இல் வாணியம்பாடி சட்டமன்ற இடைத்தேர்தலில் தி.மு.க. அவரை வேட்பாளராக நிறுத்தியது. அப்போது அவருக்கு வயது 76. அரை நூற்றாண்டாக மற்றவர்களுக்காக வாக்குக் கேட்ட குரல், தனக்காகக் கேட்டபோது தோற்றது. தோல்வியை நினைவூட்டிக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. சோழநாட்டுக் கடற்கரைக்காரர் ஒருவரை வடாற்காட்டு மலையடிவாரத்துக்கு அழைத்துவந்து நிறுத்தும்போது, இவர் யார் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கு முன்பே குரல் வந்து குடியேறிவிட்டிருந்தது.

எப்படி வந்தது? இங்கே இரவு விடுதி கிடையாது. நடன அரங்கு கிடையாது. சவுண்ட் சர்வீஸ் கடை இருந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், புளியமரத்திலோ மின்கம்பத்திலோ கட்டிய இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். நிக்காஹ் வீடு, மீலாது ஊர்வலம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே செட்டு, பெரும்பாலும் அதே இசைத்தட்டுப் பெட்டி. நான் சிறுவனாக இருந்தபோது கூட்டம் ஏழு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருக்கும். பேச்சாளர் பத்துக்கு மேல்தான் வருவார். அந்த மூன்று மணி நேரம் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது பாட்டின் வேலை. சில நாள் பேச்சாளர் வந்த பிறகுதான் கூட்டம் கலையும், அது வேறு கதை.

இங்கிலாந்தின் வடபகுதி ஆலை ஊர்களில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, வாரம் முழுக்க ஆலையில் உழைத்த இளைஞர்கள் இரவு முழுக்க ஆடினார்கள். விகன் நகரத்து கேசினோ என்ற அரங்கு 1973 முதல் 1981 வரை அதற்குக் கோயில்போல இருந்தது. விடிய விடிய நடக்கும் அந்த ஆட்டத்தில் மது விற்கவில்லை. நம் தோல் ஊர்களில் டீக்கடை பெஞ்சு அந்த அரங்கின் வேலையைச் செய்தது. ஆட்டம் மட்டும் இல்லை. உட்கார்ந்தபடி கேட்டோம்.

ஹனிபாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது அதன் வலிமையை. உச்சத்தில் ஏறி நின்று, அங்கேயே சொல்லைத் தெளிவாக உச்சரிக்கும் குரல். சோல் பாடகர்கள் தேவாலயத்திலிருந்து வந்தவர்கள். ரே சார்ல்ஸ் 1954இல் தேவாலய மெட்டில் காதல் பாட்டைப் பாடியபோது பக்தர்கள் முகம் சுளித்தார்கள். சாம் குக் பக்திக் குழுவை விட்டு வெளியே வந்தபோது பழைய ரசிகர்கள் அவரைத் துரோகியாகப் பார்த்தார்கள். அங்கே கடவுளுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது, கடக்கிறவர் விலை கொடுக்கவேண்டும். ஹனிபா அந்தக் கதவைச் சாத்தவே விடவில்லை. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடிய தொண்டையே ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’ பாடியது. பகுத்தறிவு பேசிய மேடையில் தொப்பி அணிந்த ஒருவர் கட்சிப் பாட்டுப் பாடினார், அதே ஊர் மறுநாள் அவருடைய நபி புகழைக் கேட்டது. யாருக்கும் அது முரணாகப் படவில்லை. இது சிறிய சாதனை இல்லை.

தோல் ஊர்களில் இதற்கு இன்னொரு மடிப்பும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பேச்சு உருது. முஷாயிரா என்ற உருதுக் கவியரங்கத்துக்குக் கூட்டம் கூடும் ஊர்கள் இவை. மொழிப் போராட்டம் கொதித்த 1965இல், தமிழ் முழங்கிய மேடைக்கும் உருது பேசும் வீட்டுக்கும் நடுவே எளிதில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எளிய தமிழில் இஸ்லாத்தைப் பாடிய ஹனிபாவின் இசைத்தட்டுகள் அந்தப் பள்ளத்தின்மேல் போட்ட பலகை. பின்னாளில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் உருதுக் கவிதை வடிவமான கஸலைத் தமிழுக்கு அழைத்துவந்தார். பலகை இரண்டு திசையிலும் தாங்கியது.

இனி குறைகள்.

தமிழ் இஸ்லாமியப் பாடல்களில் கணிசமானவை இந்தித் திரைப்பட மெட்டுகளில் அமைந்தவை, ஹனிபாவுடையவையும் சேர்த்து. இந்தியை எதிர்த்த இயக்கத்தின் பாடகர் இந்தி மெட்டில் பாடினார் என்று நக்கலடிப்பது சுலபம். அதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. சோல் இசையே பக்தி மெட்டுகளைக் களவாடி வளர்ந்ததுதான். ஆனால் அங்கே களவு பக்கத்து வீட்டிலிருந்து நடந்தது, மெட்டோடு கைத்தட்டும் முனகலும் கூடவே வந்தன. இங்கே மெட்டு பம்பாயிலிருந்து தயாராக வந்து இறங்கியது. ஊரின் சொந்த ஓசைக்கு அதில் இடம் தேவைப்படவில்லை.

பெரிய குறை இலக்கணத்தில் இருக்கிறது. மேடைப்பாட்டின் எழுவாய் எப்போதும் படர்க்கை: அவர் வருகிறார், அவர் அழைக்கிறார், அவர் வாழ்க. டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டு 1953இல் அந்த ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தவர்கள் பலர். பாட்டில் மிஞ்சியது ‘கல்லக்குடி கொண்ட கருணாநிதி’ மட்டும். ஒரு ஊரின் பெயருக்காக நடந்த போராட்டம் ஒரு ஆளின் பட்டமாகச் சுருங்கியதில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு. பாடும்போது மயிர்க்கூச்செறியும், ஒப்புக்கொள்கிறேன். இன்றும் எனக்குச் செறிகிறது. ஆனாலும் தலைவரோடு கட்டிய பாட்டு தலைவரோடு மூப்படையும்.

1960களில் கடலுக்கு அப்பால் எழுவாய் மாறிக்கொண்டிருந்தது. ஓடிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ வேலை முடிந்து வீடு வரும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967இல் அரீதா ஃபிராங்க்ளின் அதைப் பெண்ணின் வாயில் வைத்ததும் அது வேறு பாட்டாகிவிட்டது. 1968இல் ஜேம்ஸ் பிரவுன் ‘நான் கறுப்பன், அதில் பெருமை’ என்ற பொருளில் குழந்தைகளைப் பின்பாட்டுப் பாடவைத்தார். (நான்கு ஆண்டு கழித்து அவர் நிக்சனை ஆதரித்தார் என்பதையும் மறைக்கவேண்டாம். எழுவாய் சரியாக இருந்தாலும் பாடகர் வழுக்கலாம்.) சோல் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஊரான மெம்ஃபிஸில் அதே 1968இல் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று இங்கே கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள்.

அந்த நெருப்பிலிருந்து கவிஞர் இன்குலாப் எழுதிய பாட்டின் முதல் சொல் ‘மனுசங்கடா’. மெம்ஃபிஸ் அட்டையில் இருந்த அதே வாசகம், பன்மையில். கே.ஏ. குணசேகரன் அதைப் பறையோடு பாடிக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார். எழுதியவர் கீழக்கரை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், பாடியவர் சிவகங்கைச் சீமையின் தலித். தன்மைப் பன்மையில் பாடத் தமிழுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஹனிபாவிடம் இல்லாத பாதி இங்கே இருக்கிறது.

அப்படியானால் தோல் ஊருக்கு இது போதுமா? போதாது என்பதுதான் என் சங்கடம். வெண்மணிப் பாட்டில் எதிரி தெளிவாக நிற்கிறான்: நிலம் வைத்திருப்பவன், நெல் வைத்திருப்பவன். தோல் பதனிடும் ஆலையில், ஊர் வழக்கில் சொன்னால் தோல் ஷாப்பில், அப்படி இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவருக்குக் கூலி கொடுப்பதும் கையைப் புண்ணாக்குவதும் ஒரே தொட்டி. வயல் கூலியையும் சேரிக் கட்டுப்பாட்டையும் விட்டு வெளியேற பல தலித் குடும்பங்களுக்கு ஷாப்பு வழி கொடுத்தது. ஷூ கம்பெனி பெண்களின் கையில் வாரக்காசைக் கொடுத்தது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்தபின் அதே தொழில் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே பொறுப்பு’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே தோல் தொழிற்சாலைகளைப் பற்றி, இழப்பீட்டைப் பற்றி மறுபடி சொல்லவேண்டியிருந்தது. நடுவே 28 ஆண்டுகளுக்கு மேல்.

சோறு போடுகிறவனே நஞ்சும் வைக்கிற உறவுக்கு முழக்கம் பொருந்தாது. புகழ்ச்சியும் பொருந்தாது. நேசிக்கிறவனிடமே முறையிடுகிற பாட்டு வேண்டும், விட்டுப் போகவும் முடியாமல் பொறுத்துக்கொள்ளவும் முடியாமல் பாடுகிற பாட்டு. சோல் இசையின் நடு நரம்பே அதுதான். காதலனைத் திட்டுவதுபோல் நாட்டைத் திட்டும், நாட்டைத் திட்டுவதுபோல் காதலனைக் கெஞ்சும். தோல் ஊருக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டுங்கெட்ட குரல். நம் மேடைப்பாட்டு வாழ்க, ஒழிக என்ற இரண்டு சுருதியில் மட்டும் பழகியிருந்தது.

கருவி இல்லாமல் இல்லை. பறை என்பது என்ன? மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல். ஈரத்தில் தளரும், நெருப்பில் காட்டினால் கணீரென்று எழும். தோல் பதனிடும் ஊரில் இன்னொரு டிரம்மும் உண்டு, ஆள் உயரத்தைத் தாண்டிய மரப்பீப்பாய், தோலையும் ரசாயனத்தையும் உள்ளே போட்டுச் சுழற்றுவது. அது சுழலும்போது உள்ளே ஈரத்தோல் விழுந்து எழும் சத்தத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. பெர்ரி கார்டி டெட்ராய்ட்டில் கார் ஆலையின் உற்பத்தி வரிசையில் வேலை பார்த்தவர். 1959இல் அவர் மோடவுன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அந்த ஆலையின் ஒழுங்கையே பாட்டுத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தார். நம் ஷாப்பு டிரம் இதுவரை எந்தப் பாட்டுக்குள்ளும் நுழையவில்லை. பதனிட்ட தோல் கப்பல் ஏறினால் அந்நியச் செலாவணி, அடித்து ஒலித்தால் சாவு மேளம், இழிவு. இந்தக் கணக்கை உடைக்காமல் பாட்டு வராது.

2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு அதை உடைக்கப் பார்த்தது. அதில் வந்த பாடகர் அறிவு, பழைய வேலூர் மாவட்டத்து அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவைச் சுமந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் உலகம் சுற்றியது. அந்தப் பாட்டு யாருடையது, வருமானம் எங்கே போனது என்ற தகராறும் கூடவே சுற்றியது. சோல் பாடகர்கள் கம்பெனிகளோடு மல்லுக்கட்டிய பழைய கதையின் தமிழ்ப் பதிப்பு. என் மனத்தாங்கல் வேறு. இந்தப் புதிய பாட்டுக்கு மேடை சென்னையிலும் யூடியூபிலும் இருக்கிறது. வாணியம்பாடிப் பையன் அதைக் காதுக்குள் செருகிக்கொண்டு தனியாகக் கேட்கிறான். கூம்பு ஒலிபெருக்கியின் இரைச்சலை நான் பாராட்டமாட்டேன், ஆனால் அது ஒரு தெருவையே ஒரே பாட்டைக் கேட்கவைத்தது.

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஹனிபா இருக்கும் தட்டு என்றால் கீறல் விழுந்திருந்தாலும் வாங்குகிறார்கள். நல்ல வேலை. ஆனால் நினைவு கூர்வது ஒரு வகையில் வசதியும்கூட. மத நல்லிணக்கம் என்றதும் அவர் பாட்டைப் போட்டுவிட்டு நம் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். 2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 8 அன்று ஹனிபா காலமானார், தமிழகம் முழுக்க அவர் பாட்டு ஒலித்தது. ஜூன் மாதம் கலவரத்தில் ஆம்பூர் பற்றி எரிந்தது.

அதே ஆண்டு ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தமிழில் அவர்களுக்கு ஒரு பாட்டு இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கணினியில் மெட்டுப் போடும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். ஒரு நாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போய் அந்த மரப்பீப்பாயின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.